பகுதியில் இருப்பவர்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு காலையில் வெளியாகும். அன்று மாலைக்குள் தலைமையாசிரியர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியாக வேண்டும். ‘ரிசல்ட் அனாலிசிஸ்’ என்போம். தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், விகிதம். பாடவாரியாக எத்தனை பேர் தேர்ச்சி, எத்தனை பேர் சதம். ஆண் தனி, பெண் தனி. அப்புறம் பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. என்று ஒவ்வொரு பிரிவுக்கும் அதே கணக்கு. பிள்ளைகள் வாசலில் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பேன். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கட்டாயம்.

கணக்கு டீச்சராக வேலைக்கு வந்து, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக 2024 மே மாதம் ஓய்வு பெற்றவள் நான். பணியாற்றியது முழுக்கத் தருமபுரி மாவட்டம். அதில் பெரும்பங்கு அரூரைச் சுற்றி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், எங்கள் மாவட்டத்தில் 68.5. தமிழ்நாட்டிலேயே கடைசி. மரவள்ளியும் கரும்பும் மஞ்சளும் விளையும் ஊர்கள். மழை பொய்த்தால் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறிவிடும் குடும்பங்கள். ஒரு பக்கம் சித்தேரி மலை. என் பள்ளிக்குப் பிள்ளைகள் அங்கிருந்தும் இறங்கி வருவார்கள்.

அந்தப் படிவத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாருடைய கண்ணும் நேராகத் தொகுதிக்குப் போகும்: எத்தனை பேர் பாஸ்? பின்னத்தில் கீழே ஓர் எண் இருக்கிறது, அதற்குப் பகுதி என்று பெயர் என்பதை ஐந்தாம் வகுப்பில் எல்லாரும் படித்தவர்கள்தான். ஆனால் பகுதியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. விகிதம் கணக்கிடப்படுவது தேர்வு எழுதியவர்களை வைத்து. சேர்ந்தவர்களை வைத்து அல்ல. ஆறாம் வகுப்பில் நூறு பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் தேர்வர் பட்டியலான நாமினல் ரோல் போடும்போது எண்பது பேர். தேர்வறைக்கு வந்தவர்கள் எழுபத்தைந்து. பாஸ் எழுபத்திரண்டு. படிவத்தில் 96 சதவீதம். பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டலாம். அந்த இருபத்தைந்து பேரில் சிலர் வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள், மறுப்பதற்கில்லை. மீதிப் பேர்?

2023 மார்ச்சில் பிளஸ் டூ தேர்வின் முதல் நாள், மொழிப் பாடத்துக்கு, மாநிலம் முழுக்க ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வரவில்லை. பத்திரிகைகள் அதிர்ந்தன, சட்டமன்றத்தில் பேசினார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் அதிரவில்லை. அந்தப் பிள்ளைகள் 2021-இல் பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள். பெயர் பதினொன்றுக்கு ஏறியது, பன்னிரண்டுக்கும் ஏறியது. ஆள் எப்போதோ வேலைக்குப் போயிருந்தான். பிற ஆண்டுகளில் வருகைப் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுபோகிறவர்கள், அந்த ஆண்டு மட்டும் பெயரோடு மொத்தமாகக் கண்ணில் பட்டார்கள்.

சத்தமில்லாமல் கழலும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியாருக்கு இது தெரியாது. அரசுப் பள்ளிக்கு ஆண்டில் இரண்டு நாக்கு. ஆகஸ்ட் 1-ஆம் தேதி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் ‘உபரி’. பணி நிரவலில் வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஆகையால் ஜூன், ஜூலை மாதங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தங்கம். வீடு வீடாகப் போவோம், பறையடித்துப் பேரணி நடத்துவோம், செங்கல் சூளையிலிருந்து திரும்பிய குடும்பத்தின் பையனைப் பெயர் எழுதிக் கூட்டி வருவோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் காற்று திரும்பும். அதே பையன் இப்போது ‘ரிசல்ட்டைக் கெடுப்பவன்’. அவன் அப்பாவைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். ‘டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க, தனித்தேர்வரா எழுதிக்கட்டும்’ என்று அன்பாகவே சொல்வார்கள். தனித்தேர்வர் தோற்றால் அது எந்தப் பள்ளியின் கணக்கிலும் வராது. சில பள்ளிகளில் இதை ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுவார்கள். எட்டு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருந்ததால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேரும், அங்கே வடிகட்டி. நூற்றுக்கு நூறு எடுக்கும் தனியார் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு முடிவுப் பட்டியலை ஒரு தடவை பார்த்தால் அவர்களுடைய பத்தாம் வகுப்பு ரகசியம் புரிந்துவிடும். அங்கே நிறுத்தப்பட்டவர்களில் நிறையப் பேர் ஜூன் மாதம் என் அறை வாசலில்தான் நிற்பார்கள், டி.சி.யோடு.

அவர்களைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். சட்டத்துக்காகச் சொல்லவில்லை. அவர்களுக்கு இதற்குப் பிறகு வேறு கதவு கிடையாது.

விகிதம் குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. ஒலிபெருக்கியில் பள்ளிப் பெயர் வாசிப்பார்கள். சிலருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-அ குறிப்பாணையும் வரும். நின்றுகொண்டே, ‘எங்க பள்ளியில பழங்குடியினப் பிள்ளைங்க அதிகம், அப்பா அம்மா வெளியூர்ல கூலி வேலை’ என்று ஆரம்பித்தால், ‘சாக்கு சொல்லாதீங்க’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். கூட்டம் முடிந்து பள்ளிக்குத் திரும்பினால் ஆசிரியர் அறையில் எதிர்த்திசைக் காற்று: ‘இந்த ஏரியாப் பசங்க இவ்வளவுதான் மேடம். நீங்க என்ன பண்ணினாலும் வராது.’ ஓரிடத்தில் பிள்ளைகளின் பின்புலமே கிடையாது, இன்னோரிடத்தில் பின்புலம் தவிர வேறெதுவும் கிடையாது. இரண்டையும் நான் நம்பவில்லை. ‘பின்தங்கிய மாவட்டம்’ என்ற முத்திரை விதி என்றால் 2023-இல் பெரம்பலூரும் 2024-இல் அரியலூரும் பத்தாம் வகுப்பில் மாநிலத்தின் முதல் இடத்துக்கு வந்திருக்கக் கூடாது. அதற்காக எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகிறார்கள் என்று சொல்கிறவர் எங்கள் மலைக்கு ஒரு நாளாவது பஸ்ஸில் வந்துபோக வேண்டும்.

சாதிப் பத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் வருகைப் பதிவேட்டிலேயே பெயருக்குப் பக்கத்தில் அது இருக்கும். உதவித்தொகைப் படிவம் வந்தால் வகுப்பில் சத்தமாக, ‘எஸ்.சி. எல்லாம் எழுந்திருங்க’ என்பார்கள். எண்ணிக்கொள்வார்கள். எழுந்து நிற்கும் பிள்ளைகளின் கண் எங்கே இருக்கும் என்பதை எண்ணுகிறவர் கவனிப்பதில்லை. 2012 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் காலனிகள் எரிக்கப்பட்டன. என் பள்ளி அங்கிருந்து நல்ல தொலைவு. ஆனாலும் அடுத்த வாரம் வகுப்புகளில் பெஞ்சுகள் தாமாகவே பிரிந்துகொண்டன. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் கலந்து உட்கார வைக்க அகர வரிசையைத்தான் பிடித்தேன். பெயரின் முதல் எழுத்தோடு யாரும் சண்டை போட முடியாது. நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அறிக்கை வந்தது நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம், 2024 ஜூனில்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாதியை எழுதாமல் விட்டால் சில பிள்ளைகளுக்குப் படிப்பே நின்றுபோகும். எஸ்.டி. சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மலையிலிருந்து இறங்கி அந்த அலுவலகத்துக்கு அலைவது அப்பாவுக்குச் சில நாள் கூலி. அண்ணனுக்குக் கிடைத்த சான்றிதழ் தங்கைக்குக் கிடைக்காமல் இழுத்தடித்ததும் உண்டு. சித்தேரிப் பிள்ளைகள் மலையாளி பழங்குடியினர், பேசுவது தமிழ். வெளிமாவட்டத்திலிருந்து புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் மாணவர் விவரங்களைப் பதியும் ஈ.எம்.ஐ.எஸ். தளத்தில் அவர்கள் அத்தனை பேருக்கும் தாய்மொழி மலையாளம் என்று ஏற்றிவிட்டார். திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கொஞ்ச நாளுக்குக் கேரளத்துப் பிள்ளைகள் தருமபுரியில் ஏராளம் என்று கணினி நம்பிக்கொண்டிருந்தது.

படிவத்தின் பத்திகளை ஆண்டுக்கணக்கில் நிரப்பிய பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. யார் தேறுவார், யார் நின்றுபோவார் என்பதை முன்கூட்டியே சொல்லும் விவரம் அந்தப் படிவத்தில் இல்லவே இல்லை. அதனால் ஒரு லாங் சைஸ் நோட்டில் நானாகப் பத்திகள் போட்டேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு. சாயங்காலம் வீட்டில் பெரியவர் யார் இருக்கிறார். சமையல் யார். வீட்டில் வேறு யாராவது பத்தாவது தாண்டியிருக்கிறார்களா. போன் யார் கையில். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஜூலை முடிவதற்குள் இதைக் கேட்டுத் தர வேண்டும் என்றேன். முணுமுணுத்தார்கள். ஏற்கெனவே ஆயிரம் படிவம், இதில் மேடத்தின் சொந்தப் படிவம் வேறு. நியாயமான முணுமுணுப்புதான்.

நோட்டை வாசிக்கப் பழகினால் பல விஷயம் தெரியும். அம்மா அப்பா இருவரும் பெங்களூரு சைட்டில், பாட்டியோடு இருக்கும் பிள்ளை எந்தச் சாதியாக இருந்தாலும் திங்கட்கிழமை வராது. ஞாயிறு வந்துபோகும் பெற்றோரை வழியனுப்பிய மறுநாள் அது. சமையல் யார் என்ற இடத்தில் பிள்ளையின் பெயரே இருந்தால், அந்தப் பெண் முதல் பீரியடில் தூங்குவாள், திட்டிப் பயனில்லை. மாசி மாதம் மயானக் கொள்ளை, ஆடியில் மாரியம்மன் தீமிதி, கரும்பு வெட்டு என்று வருகை சரியும் வாரங்கள் ஆண்டுதோறும் மாறாதவை. அந்த வாரங்களில் புதுப் பாடம் தொடங்கக் கூடாது என்பதை அட்டவணையிலேயே எழுதிவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரியது பஸ். நூறு சதவீதத்துக்கான மந்திரம் என்று எல்லாரும் நம்பியது மாலைச் சிறப்பு வகுப்பு. ஆறு மணி வரை வைப்பார்கள். மலைக்குப் போகும் கடைசி பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். ஆக, யாருக்காக வகுப்பு வைக்கிறோமோ அவர்கள்தான் அதில் இருக்க மாட்டார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருக்கும் பிள்ளைகள், ஏற்கெனவே தேறக்கூடியவர்கள், இன்னும் ஐந்து மதிப்பெண் கூடுதலாக வாங்குவார்கள். இருட்டிய பிறகு பெண்பிள்ளையை அனுப்ப முடியாது என்று பெற்றோர் சொன்னால், ‘படிப்பில் அக்கறை இல்லாத சமூகம்’ என்று எங்களில் ஒருவர் குறிப்பேட்டில் எழுதுவார். இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும். வந்தாலும் அந்த மலைப் பாதைக்கு அது தள்ளிக்கொண்டு போவதற்கே ஆகும். சிறப்பு வகுப்பை மதிய இடைவேளையின் பின்பாதிக்கும் சனிக்கிழமை முற்பகலுக்கும் மாற்றினோம். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் மலைப் பெண்களுக்கு நல விடுதியில் இடம் கேட்டு வார்டனிடம் நானே போய் நின்றேன். அந்த ஆண்டிலிருந்து எஸ்.டி. பத்தியில் எண் மாறியது. கூட்டத்தில் கைதட்டினார்கள், என்ன வியூகம் என்று கேட்டார்கள். பஸ் நேரம் பார்த்தோம் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

என் பாடத்தின் சூட்சுமத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டும் எட்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். ஸ்கேலும் காம்பஸும் பென்சிலும் பிடிக்கத் தெரிந்த கைக்கு அதில் பதினாறு நிச்சயம். ஒரு மதிப்பெண்ணில் பத்து தேறினால் இருபத்தாறு. மீதி ஒன்பதுக்குக் கார்ட்டீசியன் பெருக்கல் போன்ற சின்னக் கணக்குகள் ஐந்து. முப்பத்தைந்து தாண்டியாயிற்று. ‘மெல்லக் கற்போர்’ என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை இதைத்தான் ஊட்டுவோம். பென்சில்கூட நாங்களே சீவிக் கொடுப்போம். இது கல்வியா என்று கேட்டால் தயங்குவேன். ஆனால் முப்பத்தைந்து வாங்கியவனுக்கு ஐ.டி.ஐ.யில் பெரும்பாலான பிரிவுகளின் கதவு திறக்கிறது, முப்பத்து மூன்று வாங்கியவனுக்குத் திறப்பதில்லை. கோணம் வரையத் தெரிந்த பையன்கள் நிறையப் பேருக்குப் பின்னம் கூட்டத் தெரியாது என்பதும் உண்மை. அதை ஆறாம் வகுப்பிலேயே பிடித்திருக்க வேண்டும். ஆனால் ரிசல்ட் கேட்கும் கூட்டம் ஆறாம் வகுப்புக்கு நடப்பதில்லை. திறமையான டீச்சரைப் பத்தாம் வகுப்புக்குப் போட்டுவிட்டு, புதிதாக வந்தவரை ஆறுக்கு அனுப்புவதுதான் எல்லாப் பள்ளியிலும் வழக்கம். நான் கணக்குக்கு மட்டுமாவது அதைத் தலைகீழாக்கினேன்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் எங்கள் ஊரில் ‘ஏ’ பிரிவு ஆங்கில வழி ஆனதும், கொஞ்சம் வசதியுள்ள, படித்த, ஊருக்குள் வீடுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் எல்லாம் அங்கே சேர்ந்தார்கள். மலையும் காலனியும் தமிழ் வழியில் ‘சி’, ‘டி’. ஒரே கூரைக்குள் இரண்டு பள்ளி. ‘ஏ’ பிரிவின் விகிதத்தைக் காட்டி ‘சி’ பிரிவு ஆசிரியரை மட்டம் தட்டுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் இது இன்னும் கெட்டிப்படும்: முதல் குரூப்பில் ஒரு கூட்டம், தொழிற்கல்வியில் ஒரு கூட்டம். தொழிற்கல்விப் பிரிவின் வகுப்புப் புகைப்படத்தைப் பார்த்தாலே எந்தெந்த ஊர் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

2020, 2021-இல் தலைகீழாக ஒன்று நடந்தது. கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளிப் பிள்ளைகள் அலையாக வந்து சேர்ந்தார்கள். அடுத்துவந்த தேர்வுகளில் எங்கள் எண் ஏறியது. நாங்கள் திடீரென்று நல்ல ஆசிரியர்கள் ஆகிவிடவில்லை. பகுதியில் ஆள் மாறியிருந்தது. வருமானம் திரும்பியதும் அவர்களில் பலர் திரும்பிப் போனார்கள், எண்ணும் கூடவே கொஞ்சம் இறங்கியது. இறங்கியதற்கு மட்டும் விளக்கம் கேட்டார்கள்.

ஆண்-பெண் கணக்கில் மாநிலமே எங்கள் பள்ளியைப் போலத்தான். 2024 பத்தாம் வகுப்பில் பெண்கள் 94.53 சதவீதம், பையன்கள் 88.58. பெண்ணைப் பற்றி எங்கள் பயம் வேறு: தேர்வுக்கு முன்பே கல்யாணப் பத்திரிகை வந்துவிடுமோ என்று. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே போன் செய்திருக்கிறேன். அதற்கான வசவையும் வாங்கியிருக்கிறேன். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்த பிறகு பேச்சு கொஞ்சம் மாறியது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். பெரிய தொகை இல்லை என்பார்கள் நகரத்தில். ‘காலேஜு முடியட்டும் டீச்சர், அப்பறம் பாத்துக்கலாம்’ என்று ஓர் அம்மா தன் வீட்டுக்காரர் எதிரில் சொல்வதற்கு அது போதுமானதாக இருந்தது. பையன்களுக்கு அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. பையன் கதையே வேறு. ‘பாஸ் பண்ணி என்னங்க பண்ணப் போறான்? சென்ட்ரிங்குக்குப் போனா வாரக் கூலி கையில வருது’ என்று அப்பா கேட்டால் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். அதற்குள் பையன் பைக்கில் ஏறியிருப்பான்.

என் கடைசி ஆண்டுகளில் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. பன்னிரண்டு முடித்த ஒவ்வொருவரும் கல்லூரியில் சேர்ந்தார்களா என்று பள்ளியே விசாரித்துத் தளத்தில் ஏற்ற வேண்டும். சேராதவர்களை ‘உயர்வுக்குப் படி’ முகாமுக்கு அழைத்து வர வேண்டும். பணியில் இருந்த காலத்தில் எனக்கு மனதாரப் பிடித்த ஒரே படிவம் அது. பள்ளியை விட்டுப் போனவர்களையும் முதன்முதலாக ஓர் அரசுப் படிவம் எண்ணியது. நோட்டில் இருந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டோம். பாதி எண் மாறியிருக்கும். எடுத்தால் மேஸ்திரி பேசுவார். ஒரு பெண், தம்பிக்கும் தாத்தாவுக்கும் சோறாக்க ஆளில்லை, அம்மா திருப்பூரிலிருந்து வந்ததும் சேர்ந்துவிடுவேன் என்றாள். அம்மா எப்போது வருவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தளத்தில் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வேண்டும். அவள் காரணம் பட்டியலில் இல்லை. ‘இதர’ என்று போட்டோம். அவளைப் போல இன்னும் பலருக்கும் ‘இதர’. சில வாரங்களில் மேலிருந்து ஒரு கடிதம் வந்தது: தங்கள் பள்ளியில் மட்டும் ‘இதர’ என்ற காரணம் மிகுதியாகப் பதிவாகியுள்ளதற்கு விளக்கம் அளிக்கவும். நோட்டைப் பார்த்து, பிள்ளை பிள்ளையாக எழுதி, நான்கு பக்கம் அனுப்பினேன்.